குறையாத தண்ணீர்

எங்கள் காரின் ஹெட் கேஸ்கட் போன அன்று அதற்குள் பன்னிரண்டு பேர் இருந்தோம். எட்டுப் பேர் உட்காருவதற்காகச் செய்த சின்ன வேன் அது. எங்கள் தெருவில் எல்லோரும் அதைக் கார் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். ஓட்டியது நான். பக்கத்திலும் பின்னாலும் அம்மாவும் அவளுடைய நடவுக் கூட்டத்துப் பெண்கள் பத்துப் பேரும். வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திணறியது. முன்பக்கத்தில் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி கிளம்பியது, பின்னால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை. பெண்கள் இறங்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சேற்றுக் கால்களோடு வரிசையாக உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். திட்டுகிற பார்வை இல்லை அது. அடுத்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை.

என்னிடம் அப்படிக் காத்திருப்பது அவர்களுக்கு வழக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். இயற்பியல் படித்தேன், பி.எட். முடித்தேன், திருக்காட்டுப்பள்ளியில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். தெருவில் கார் ஓட்ட உரிமம் வாங்கிய முதல் பெண்ணும் நான்தான். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் அன்றைக்குப் பாலத்தின் மேல், ஆவி ஏன் வருகிறது என்பது கூட எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பட்டறைக்குப் போன் போட்டேன்.

பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பல வருடம் சவுதியில் லாரிகளைக் கழற்றிப் பூட்டிவிட்டு வந்து, எங்கள் ஊர் எல்லையில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். வந்தவர் எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை உருவி என் முகத்துக்கு நேராக நீட்டினார். எண்ணெய் பால் ஊற்றிய டீயின் நிறத்தில் இருந்தது. தண்ணீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, நடுவில் இருக்கிற கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றித் தஞ்சாவூரில் லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பார்த்துத் தேய்த்து வாங்க வேண்டும் என்றார். ஐந்து நாள் ஆகும். அந்த ஐந்து நாளும் பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போய் நின்றேன்.

பழைய கேஸ்கட்டைத் தூக்கிப் போட வேண்டாம், எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் மெல்லிய தகடு. நடுவில் மூன்று பெரிய வட்டங்கள், நெருப்பு எரிகிற இடங்கள். அவற்றைச் சுற்றித் தண்ணீர் போக, எண்ணெய் போகச் சின்னச் சின்ன ஓட்டைகள். நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் விரற்கடை தூரத்தில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, ஒன்று மற்றொன்றின் வழிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. இரண்டாவது வட்டத்தின் ஓரத்தில் பச்சைப்பயறு அளவுக்குக் கருகியிருந்தது. அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தப் புகை, அந்த ஆவி. எனக்கு நம்பவே முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கருகிய இடத்தைக் கட்டை விரலால் தடவினாள்.

"வரப்புல நண்டு வளை வச்ச மாதிரி இருக்கு," என்றாள். நான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்த விளக்கம் அது. மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் அப்படியே சொல்லிவிட்டேன், அம்மா பேரைச் சொல்லாமல்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வண்டி கைக்கு வந்தது. பாய் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஐந்நூறு கிலோமீட்டர் வரைக்கும் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது. பாரம் ஏற்றக் கூடாது. உங்களைத் தவிர ஐந்து பேர், அவ்வளவுதான். தினமும் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், எஞ்சின் ஆறியிருக்கும்போது, தண்ணீர் மட்டத்தையும் எண்ணெயையும் பார்க்க வேண்டும். எண்ணெய் மூடியின் உள்பக்கம் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் உடனே வர வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. ஐந்நூறு முடிந்ததும் எண்ணெய் மாற்ற வேண்டும். அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். எஞ்சினுக்குள் இப்போது அங்கங்கே காற்று சிக்கியிருக்கும், ஓட ஓட அது வெளியே வரும், அந்த இடத்துக்குத் தண்ணீர் போகும். அதனால் முதல் சில நாள் டப்பாவில் மட்டம் கொஞ்சம் குறையும். பயப்பட வேண்டாம். பிறகு அது நின்றுவிட வேண்டும். நிற்காமல் குறைந்துகொண்டே போனால்தான் பயப்பட வேண்டும்.

டப்பா என்று அவர் சொன்னது வண்டியின் முன்பக்கத்தில் சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. ரேடியேட்டரில் சூடாகி விரிகிற தண்ணீர் அதில் வந்து நிற்கும், ஆறியதும் திரும்பி உள்ளே போகும். அதில் கிளிப்பச்சை நிறத்தில் கூலன்ட் ஊற்றியிருந்தார். வெறும் தண்ணீர் அலுமினிய ஹெட்டை அரித்துவிடும், கூலன்ட் அரிக்காது, சீக்கிரம் கொதிக்கவும் கொதிக்காது. எல்லாம் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் டப்பாவின் வெளிப்பக்கத்தில், தண்ணீர் நிற்கிற மட்டத்தில், சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். தெருப் பெண்கள் சிலர் நின்று பார்த்தார்கள். இதை யாரும் தொடக் கூடாது, இது என் பொறுப்பு என்றேன். கோடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஐந்து பேர் கணக்குத்தான் பிடிக்கவில்லை. அவளுடைய கூட்டத்தில் அவளோடு சேர்த்துப் பதினோரு பேர். சம்பா நடவு உச்சத்தில் இருந்தது, மூன்று விவசாயிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு வயல் எங்கள் பக்கத்திலேயே, ஆறேழு கிலோமீட்டரில். மூன்றாவது ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த விவசாயி நாற்றங்காலில் நாற்று விட்டிருந்தார். மிஷின் நடவுக்குத் தட்டில் வளர்த்த நாற்று வேண்டும். இதைக் கையால்தான் நட முடியும். நாற்றுக்கு இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் முற்றிவிடும், நட்டாலும் பக்கத்தில் வெடித்துத் தூர் கட்டாது. அவர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுகிறோம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவர் பக்கத்தில் வேறு கூட்டம் யாரையும் பிடித்து வைக்கவில்லை, அம்மா சொன்ன சொல்லை நம்பி.

"பாய்க்கு என்ன, அஞ்சு பேருன்னு சொல்லிருவாரு. நாத்து அஞ்சு பேருக்குத் தகுந்த மாதிரி வளருமா?" என்றாள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து விடிந்ததும் இரண்டு நடை அடித்தேன். முதலில் ஐந்து பேர், திரும்பி வந்து ஆறு பேர். ஒருத்தி கூடுதல்தான், அதற்காகப் பாயிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வண்டியை வயலோரத்தில் புங்க மரத்தடியில் விட்டுவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போவேன். சாயங்காலம் வந்து மறுபடி இரண்டு நடை.

ஒவ்வொரு நாளும் காலையில் வாசலில் குந்தி உட்கார்ந்து மட்டத்தைப் பார்த்து எழுதினேன். திங்கள்: கோட்டில். செவ்வாய்: கோட்டில். புதன்: கோட்டில். குறையும் என்று பாய் சொன்னாரே, ஏன் குறையவில்லை? முதலில் சந்தோஷமாக இருந்தது. அவர் காற்றே சிக்காமல் நன்றாக ஊற்றியிருக்கிறார் போல என்று நினைத்தேன். வியாழக்கிழமை வேறொன்று கண்ணில் பட்டது. டப்பாவில் இருந்த பச்சை முன்பு மாதிரி இல்லை. பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு சொட்டுக் குழலைக் கொண்டுவந்து, கொஞ்சம் எடுத்து ஒரு மருந்துச் சீசாவில் ஊற்றினேன். நல்ல வேளையாகப் பாய் மிச்ச கூலன்ட்டை ஒரு கேனில் தந்திருந்தார். அதில் கொஞ்சம் இன்னொரு சீசாவில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். கேனில் இருந்தது கிளி. டப்பாவில் இருந்தது வாழைக் குருத்து.

வெள்ளிக்கிழமை டப்பாவிலிருந்து மறுபடி கொஞ்சம் எடுத்து மூன்றாவது சீசாவில் ஊற்றினேன். கிட்டத்தட்ட இளநீர்.

ஜன்னல் விளிம்பில் மூன்று சீசாக்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே பல் விளக்கினேன். மட்டம் கூடவில்லை, குறையவில்லை, நிறம் மட்டும் போகிறது. எங்கேயாவது ஒழுகினால் மட்டம் குறைய வேண்டும். எங்கிருந்தாவது தண்ணீர் சேர்ந்தால் மட்டம் கூட வேண்டும். இரண்டும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் நடந்தால்தான் இப்படி ஆகும். அப்படி எது நடக்க முடியும்? அன்று முழுக்கப் பாடம் எடுத்துக்கொண்டே யோசித்தேன். மத்தியானம் எனக்கு ஒன்று தோன்றியது. பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும், அது பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. புது கேஸ்கட்டிலும் எங்கோ நண்டு வளை விழுந்து, நெருப்புப் பக்கத்திலிருந்து அந்த ஆவி தண்ணீர்ப் பக்கத்துக்குப் போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது. அதே வழியில் கூலன்ட் நெருப்புப் பக்கம் போய் எரிகிறது. போவதும் வருவதும் சமமாக இருக்கிறது. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். நாளைக்கு வண்டி வயலுக்கு வராது, பட்டறைக்குப் போகிறது என்று. பக்கத்து வயலில் அரை ஏக்கர் மிச்சம் இருந்தது. நடந்து போகிறோம் என்றாள், அது அவளுக்குப் பெரிசாகத் தெரியவில்லை. ஆனால் ஹெட்டை மறுபடி கழற்ற வேண்டியிருந்தால் இன்னும் ஐந்து நாள் ஆகும் என்றதும் கையில் இருந்த சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த மனுசன் வேற ஆளு தேடாம உக்காந்திருக்காருடி. என்னைய நம்பி."

பஸ்ஸில் எல்லோரும் போகலாமே என்றேன். முதல் பஸ் பிடித்துத் தஞ்சாவூரில் மாறி, ஒரத்தநாட்டில் மாறி, இறங்கி நடந்து வயலுக்குப் போக ஒன்பதரை ஆகிவிடும் என்றாள். அதற்கு அப்புறம் நாற்றைப் பறித்து, பிடி பிடியாக முடி கட்டி, வயலில் வீசி நடவைத் தொடங்குவதற்குள் உச்சிப் பொழுது. இரண்டு நாளில் முடிய வேண்டியது நான்கு நாள் இழுக்கும். அதற்குள் நாற்று முற்றும். ஓட்டிக்கொண்டு போய் வழியில் நின்றுவிட்டால் மொத்தமும் போகும் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை மூன்று சீசாக்களையும் பாயின் மேசையில் வைத்து என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் தலையைச் சொறிந்தார்.

"டீச்சரம்மா, அவ்ளோ தண்ணிய எஞ்சினே காச்சும்னா நாம ஏன் வருசா வருசம் மேட்டூர் தெறக்கறதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

பட்டறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் கேலியோடு விட்டுவிடவில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, வண்டியைக் கிளப்பச் சொன்னார். கேஸ்கட் போயிருந்தால் நெருப்புப் பக்கத்துக் காற்று தண்ணீருக்குள் புகுந்து குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும், வாருங்கள், நீங்களே பாருங்கள் என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். முதலில் நான்கைந்து குமிழிகள் வந்தன. பிறகு ஒன்று. பிறகு ஒன்றுமே இல்லை. பத்து நிமிடம் தண்ணீரின் முகம் அப்படியே இருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து காட்டினார், சுத்தமாக இருந்தது. குச்சியில் எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றார்.

அப்புறம் டப்பாவுக்குள் விரலை விட்டு, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார். என் விரலையும் விடச் சொன்னார். நறநறவென்றது. வண்டல். டப்பாவைக் கழற்றி ஒரு தட்டில் கவிழ்த்தார். வெளிறிய தண்ணீரோடு ஒரு சின்ன அசோலா இலை வந்து தட்டில் மிதந்தது, வயலில் தழைச்சத்துக்காக விடுவோமே அந்தச் செடி.

"இது வயத் தண்ணி. யாரோ ஊத்துறாங்க," என்றார்.

ஆறு நாள் காலையிலும் அந்த டப்பாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தவள் நான். இலை என் கண்ணில் படவில்லை, நான் கோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பழைய தண்ணீர் முழுவதையும் இறக்கி, நல்ல தண்ணீர் விட்டு நாலைந்து தடவை அலசி, புதிதாகக் கூலன்ட் ஊற்ற மத்தியானம் ஆகிவிடும் என்றார். நாளைக்கு ஒரத்தநாடு போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஐந்து பேரோடு, மெதுவாக என்றார். யார் ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்றும் சொன்னார்.

பஸ் பிடித்து வயலுக்குப் போனேன். சோற்று நேரம். புங்க மரத்தடியில் எல்லோரும் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். வண்டியில் டப்பாவுக்குள் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டேன். திருட்டைக் கண்டுபிடிக்க வந்த மாதிரிக் குரலை வைத்துக்கொண்டுதான் கேட்டேன். ஒருவரும் மறைக்கவில்லை, மழுப்பவில்லை.

"நாந்தான் தினமும் மாத்துறேன்," என்றாள் அத்தை.

எங்கள் தெருவில் நாலாவது வீடு அவள். உறவில்லை, ஆனாலும் பிறந்ததிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள். ஆனால் எஞ்சின் தெரியாதவள் என்று சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பல வருடம் ஒரு பண்ணையில் தண்ணீர் இறைக்கிற எண்ணெய் எஞ்சின் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். புருஷன் மடை திருப்பப் போவார், இவள் எஞ்சினுக்குக் காவல். அந்த எஞ்சின்களில் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றும். அந்த வழியாகப் போகிற யாராக இருந்தாலும் ஒரு குடம் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள், சொந்த எஞ்சினா அடுத்தவர் எஞ்சினா என்று பார்ப்பதில்லை. ஊற்றாமல் போனால்தான் கேள்வி கேட்பார்கள். திங்கட்கிழமை அத்தை சோற்றுக்கு உட்காருவதற்கு முன்னால் எங்கள் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அதற்குப் பூட்டு கிடையாது. உள்ளே தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்திருக்கிறது.

"தேங்கிப் போயிப் பாசி புடிச்சிருக்கு. நீ படிச்ச புள்ள, பாக்காம விட்டுட்டியேன்னு நெனச்சேன். வயல்ல பாசி புடிச்சா என்ன பண்ணுவோம்? வடிச்சிட்டுப் புதுத் தண்ணி வப்போம். அதத்தான் பண்ணினேன்."

டப்பா வண்டியோடு பொருத்தியிருக்கிறதே, எப்படி வடித்தாய் என்று கேட்டேன். எழுந்து போய் வரப்போரத்துப் பப்பாளி மரத்திலிருந்து ஒரு இலைத் தண்டை ஒடித்து வந்தாள். உள்ளே ஓட்டையாக இருக்கிற தண்டு. அதைத் தூக்குவாளிக் கஞ்சிக்குள் விட்டு, மேல் முனையைக் கட்டை விரலால் அடைத்துத் தூக்கினாள். கஞ்சி தண்டுக்குள்ளேயே நின்றது. விரலை எடுத்தாள், தரையில் கொட்டியது. நான் ஆய்வகத்தில் குழந்தைகளுக்குப் பிப்பெட் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன். வாயை வைத்து உறிஞ்சினாயா என்று பதறிக் கேட்டேன். பாசித் தண்ணியை எவளாவது வாயில் வைப்பாளா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். உயிர் வந்தது. கூலன்ட் விஷம்.

ஒரு நாளைக்குப் பத்து இருபது தண்டு எடுத்துக் கொட்டுவாளாம். பிறகு வாய்க்காலிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, பார்த்துப் பார்த்து ஊற்றுவாளாம்.

"எவ்வளவு ஊத்துவ?"

"நீதான் செவப்புக் கோடு போட்டு வச்சிருக்கியே. அதுவரைக்கும்."

அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். நானும் சிரித்திருக்கலாம், ஆனால் உடனே வரவில்லை. குறைய வேண்டிய தண்ணீர் குறைந்துதான் இருக்கிறது. அதை மத்தியானத்துக்கு மத்தியானம் என் கோடுவரைக்கும் நிரப்பி, என் நோட்டில் 'கோட்டில்' என்று எழுத வைத்தது அத்தை. தொடாதே என்று சொன்ன நான், ஏன் என்றும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுக்கு அது என் அசட்டைக்குத் தான் செய்த உதவி.

அதனால் அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். அது பாசி இல்லை, மருந்து, ஹெட்டை அரிக்காமல் பார்த்துக்கொள்ளும் மருந்து என்று. அத்தைக்கு முகம் கோணியது. அவள் சும்மா ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. பாசி இல்லையென்றால் ஏன் பச்சையாக இருக்க வேண்டும் என்றாள். ஒழுகினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வெறும் தண்ணீரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அதற்காகச் சாயம் கலக்கிறார்கள், சிவப்பிலும் நீலத்திலும் கூட வருகிறது என்றேன்.

"அப்ப செவப்புல ஊத்தியிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேன்ல. தப்பு உன் மேலயும் பாய் மேலயுந்தான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வழி சொன்னது அம்மா. ஐந்து பேர் விடிவதற்கு முன் காரில் கிளம்பிப் போய் நாற்றைப் பறிக்கத் தொடங்க வேண்டும். ஆறு பேர் முதல் பஸ்ஸில் வந்து சேரும்போது நாற்று முடி கட்டித் தயாராக இருக்கும், நேராக நடவில் இறங்கிவிடலாம். காரில் யார், பஸ்ஸில் யார் என்று அவளே பிரித்தாள். தன்னைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டாள். அத்தையைக் காரில், முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில். எங்கள் வண்டியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

நாற்பத்தைந்தைத் தாண்டாமல் ஓட்டினேன். லாரிகள், பஸ்கள், டிராக்டர்கள் கூட எங்களை முந்திக்கொண்டு போயின. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் எங்கே நிற்க வேண்டும், எதைத் தாண்டக் கூடாது என்று அத்தைக்குக் காட்டியிருந்தேன். அவள் முள்ளைப் பார்த்தது கொஞ்சம், சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வந்ததுதான் அதிகம். சத்தம் கேட்டாளா, சூடு பார்த்தாளா தெரியாது. தஞ்சாவூரைத் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் நின்றோம். திடீரென்று அவள் என் கையைப் பிடித்து, சத்தம் மாறிவிட்டது என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை அணைக்காமல் இறங்கி முன்னால் போய் நின்றேன். ரேடியேட்டர் விசிறி சுற்றத் தொடங்கியிருந்தது. வண்டி நின்றால் காற்று வராது, சூடு ஏறும், விசிறி தானாகச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் நின்றது. நின்றதையும் அவள்தான் முதலில் சொன்னாள். இத்தனை வருடம் ஓட்டுகிறேன், அந்த விசிறிச் சத்தத்தை நான் தனியாகக் கேட்டதே இல்லை.

ஆறே முக்காலுக்கு வயல் வந்துவிட்டது. முள் நடுவிலேயே இருந்தது. விவசாயி நாற்றங்கால் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐந்து பேர் மட்டும் இறங்குவதைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. மிச்சம் பேர் பஸ்ஸில் வருகிறார்கள் என்று சொன்னதை அவர் முழுசாக நம்பவில்லை. பெண்கள் அவரோடு பேசிக்கொண்டிருக்காமல் நாற்றங்காலில் இறங்கிவிட்டார்கள். நான் பறித்து நாளாகியிருந்தது, ஆனாலும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அத்தை நான் கட்டிய நாற்று முடிகளை எடுத்து அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

எஞ்சின் நன்றாக ஆறியபிறகு, எட்டு மணி வாக்கில், போய் மூடியைத் திறந்தேன். மட்டம் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. குறைந்திருக்கிறது. சிக்கியிருந்த காற்று வெளியே வந்திருக்கிறது. பின்னால் அத்தை வந்து நின்றாள், கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"குறைஞ்சிருக்கு. நான் ஒண்ணும் சொல்லல," என்றாள்.

கேனை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கோடுவரைக்கும் அவள்தான் ஊற்றினாள், ஒரு சொட்டு கீழே சிந்தாமல். எண்ணெய் மூடியையும் திறந்து காட்டினேன், உள்பக்கம் எப்படி இருந்தால் நல்லது, எப்படி இருந்தால் பாயிடம் ஓட வேண்டும் என்று. இந்த முறை ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஒன்பதரைக்கு வரப்பில் அம்மாவும் ஐந்து பேரும் வந்தார்கள். அம்மா என்னையோ வண்டியையோ பார்க்கவில்லை. குவித்திருந்த நாற்று முடிகளில் ஒன்றை எடுத்து, ஒரு நாற்றை உருவி, அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். கணு வைக்கவில்லை, நாற்று இன்னும் முற்றவில்லை. விவசாயியிடம், முப்பத்தஞ்சு நாளைக்குள்ள ஊணிட்டா ஒண்ணும் ஆகாது, நாளைக்குச் சாயங்காலம் முடிச்சுருவோம் என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். மறுநாள் நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அதே ஐந்து பேரை ஓட்டிக்கொண்டு போனேன். சாயங்காலம் நாலரைக்குக் கடைசி நாற்று முடி அவிழ்ந்தது.

தண்ணீர் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நூலளவு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. பச்சை இன்னும் கிளிப்பச்சையாகவே இருக்கிறது. காலையில் பார்க்கிற வேலை இப்போது எனக்கும் அத்தைக்கும் நாள் மாற்றி நாள். அவள் பார்க்கிற நாளில் நோட்டில் நான் கேட்டு எழுதுகிறேன். எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை நானும் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு ஏதாவது சொல்லாமல் அவள் விட்டதில்லை.

ஐந்நூறு கிலோமீட்டர் முடிகிற வாரத்தில் பூம்புகார்ப் பக்கத்திலிருந்து ஒருவர் அம்மாவுக்குப் போன் செய்தார். ஒரத்தநாட்டு விவசாயி எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், தாமதமான பின்பட்டத்து நடவு, ஆள் கிடைக்கவில்லை, வர முடியுமா என்று. மற்ற நாளாக இருந்தால் அம்மா தேதியைச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வருவாள். அன்றைக்குப் போனைக் காதிலிருந்து எடுத்துக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எண்ணெ மாத்தணும்னியே, எப்ப?"

சனிக்கிழமை, அதோடு ஐந்து பேர் கணக்கும் முடிகிறது என்றேன். அவள் போனை மறுபடி காதில் வைத்தாள்.

"திங்கக்கெழம வர்றோங்க," என்றாள். "காருல அஞ்சு பேரு, பஸ்ல ஆறு பேரு."